இருபத்துநாலாவது கோடு

பனிநாட்டு நகரமொன்றின் சென்ட் லோரன்ட் பகுதியில் அந்த நாட்களில் குடியிருந்த தமிழ்ச் சனம் இரவிச்சந்திரனைப் பெயர் சொல்லி அழைத்தது குறைவு. எலி டொக்டர் என்றால்தான் தெரியும். டவுன்டவுனில், பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில், நல்ல எலிகளுக்குச் சீனி வருத்தத்தை உண்டாக்கிப் பிறகு அதை மாற்றுவதற்குப் பாடுபடுவது அவனுடைய தொழில். "நீர் உண்டாக்காமலே விட்டிருந்தா மாத்த வேண்டிய தேவையே வராதே?" என்று மேல்மாடி அருளம்பலம் கேட்பார். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்து, இங்கே பழைய டொட்ஜ் காரொன்றில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் மனிதர். அவருக்கு மறுமொழி சொல்லி வெல்ல முடியாதென்பதால் இரவிச்சந்திரன் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

வேலை என்னவோ சிரிப்புக்குரியதல்ல. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையி, அதாவது கணையம், என்ற உறுப்புக்குள் மணல்மணியிலும் சிறிய கலத்திரள்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். சிறுதீவுகள் என்று பெயர். உடம்புக்கு வேண்டிய இன்சுலினைச் சுரப்பவை அவைதாம். அவை அழிந்தால் இரத்தத்தில் சீனி ஏறும். நல்ல எலியின் சதையியை எடுத்து, நொதியம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் குலுக்கிக் கரையவைத்து, கழுவி, எஞ்சிய கலங்கலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, நுணுக்குக்காட்டியின் கீழே பார்த்துப் பார்த்து, நுனி மெலிந்த குழாயால் சிறுதீவுகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்கவேண்டும். நோயுற்ற ஓர் எலிக்கு எண்ணூறு வேண்டும். அவற்றைக் குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் நாளத்தில் செலுத்தினால் ஈரலில் போய்த் தங்கும். தங்கி உயிர்பிடித்தால் அந்த எலிக்கு அதற்குப் பிறகு ஊசி வேண்டாம். உயிர்பிடிப்பதுதான் கிடையாது. அந்நியக் கலங்களை உடம்பு ஒரு வாரத்துக்குள் அழித்துவிடும். மூன்று வருடமாக அவன் கண்டது அதைத்தான்.

1987 நவம்பரில் வேறொரு வழியைப் பரீட்சித்துப் பார்த்தான். பொறுக்கிய சிறுதீவுகளை உடனே செலுத்தாமல், அறைச் சூட்டில் ஒரு வாரம் வளர்ப்பு ஊடகத்தில் வைத்திருந்து பிறகு செலுத்துவது. எட்டு எலிகள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சிறுதீவுகள். பாதியை அவனும் பாதியைத் தொழில்நுட்ப உதவியாளர் லூசியும் பொறுக்கினார்கள். கண்ணை மூடினாலும் வெளிர்மஞ்சள் உருண்டைகள் மிதந்தன. மருந்தளவு என்று வந்தால் அந்த ஆய்வுகூடத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது: ஒருவர் குப்பியில் எழுதியிருப்பதை உரத்து வாசிக்க, மற்றவர் ஊசியைப் பார்த்துத் திருப்பிச் சொல்லி, பிறகுதான் எலியைத் தொடவேண்டும். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவன் இரவிச்சந்திரன். எலிக்கு அளவு பிசகினால் ஒரு மாத உழைப்பு போய்விடும் என்று லூசிக்கு அடிக்கடி சொல்லுவான்.

அந்த ஒழுங்கு வீடு வரைக்கும் வரவில்லை.

வீடென்பது இரண்டு அறைகளும் ஒரு குசினியும். அங்கே அவனும் மனைவி சிவமலரும் ஐந்து வருடமாக இருந்தார்கள். செப்டெம்பர் கடைசியில் சிவமலரின் தாய் தகப்பன் வந்து சேர்ந்தார்கள். மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிக்குடி வீடு எரிந்த பிறகு, கொழும்பில் நாலு மாதம் விடுதி அறையில் கிடந்து, ஏஜென்சிக்காரன் காட்டிய வழியால் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கி அகதியாகப் பதிந்துகொண்டவர்கள். தகப்பன் தம்பிமுத்து நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். உன்னிச்சைக் குளத்தின் மதகை எந்த அளவுக்குத் திறந்தால் எந்த வயற்கண்டத்துக்கு எவ்வளவு நேரத்தில் தண்ணீர் போய்ச் சேரும் என்பதை இருபத்தாறு வருடம் பார்த்த மனிதர். கோடு போட்டு இலக்கம் எழுதிய எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை உண்டு. குசினி யன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பார்ப்பார்.

"மைனஸ் பதினொண்டு," என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு வந்து இருப்பார். "நேத்தைய விடச் சூடு கா."

தாய் புஷ்பவதிக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். நாலு குப்பி இன்சுலினைத் தேர்மாசில் பனிக்கட்டிக்குள் வைத்து, விமானப் பணிப்பெண்ணிடம் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பனிக்கட்டி கேட்டுக் கேட்டு, தம்பிமுத்து கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

மாமி மருமகனுக்கு முன்னால் வருவதில்லை. நேருக்கு நேர் கதைப்பதில்லை. மட்டக்களப்பில் பெரிய வளவிலே அது ஒரு சிரமமும் இல்லாத வழக்கம். இரண்டு அறை வீட்டில் அது பெரும் பாடாக இருந்தது. அவன் குசினிக்குள் வந்தால் புஷ்பவதி அறைக்குள் போவார். அவன் குளித்துவிட்டு வரும் காலடி கேட்டால் கதவு சாத்தப்படும். கதைக்க வேண்டியதை மகளுக்கூடாகச் சொல்லுவார். "சோறு காணுமா எண்டு அவருக்கிட்டக் கேளு புள்ள." சிவமலர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக் கேட்பார்: "மீன் குழம்பு இரிக்கி. சூடாக்கட்டுமா?" குளிர்சாதனப் பெட்டி உறுமும். "ஓம் மாமி" என்று இரவிச்சந்திரன் அதன் சார்பில் மறுமொழி சொல்லுவான்.

"அம்மா ஃபிறிட்ஜோட கதைக்கிறத ஆரும் கண்டா என்னப்பா நினைப்பாங்க?" என்று சிவமலர் சிரிப்பாள்.

"என்னை விட ஃபிறிட்ஜிலை மரியாதை கூட எண்டு நினைப்பினம்."

காலை ஆறரைக்கு ஊசி போடுவது தம்பிமுத்துவின் வேலை. சின்னச் சட்டியொன்றில் தண்ணீர் கொதிக்கும். துவாயால் மூடிய எதையோ தூக்கிக்கொண்டு அவர் அறைக்குள் போவார். கதவு சாத்தப்படும். மாமி சட்டைக் கையைச் சுருட்டிக் கையைத் திறந்துகொண்டு இருக்கும் நேரம் அது. மருமகன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் முறையல்ல. கொஞ்ச நேரத்தால் துவாய் வெளியே வந்து அலுமாரியின் மேல்தட்டில் ஏறும். இரண்டு மாதம் இப்படியே நடந்தது. இன்சுலினையே தொழிலாகக் கொண்டவன், தன் வீட்டில் இன்சுலின் போடும் ஊசியை ஒரு நாளும் கண்டதில்லை.

கொண்டுவந்த குப்பிகள் நவம்பர் கடைசியில் தீர்ந்தன.

"மருந்து நாளையோட முடியுதாம். அப்பா சொல்லச் சொன்னவர்," என்றாள் சிவமலர். அன்று சனிக்கிழமை.

"எவ்வளவு போடுறவை?"

"இருபத்துநாலு."

டெக்காரி வீதியிலிருந்த மருந்துக்கடையில் அதே வகை இன்சுலினை வாங்கினான். ஊசிகளும் வேண்டுமா என்று கடைக்காரப் பெண் பிரெஞ்சில் கேட்டாள். "நோன், மெர்சி. வீட்டில் இருக்கிறது," என்றான். அவ்வளவுதான் நடந்தது. கல்லாவின் பக்கத்தில் கிறிஸ்மஸ் சொக்லட் அடுக்கியிருந்தார்கள். சிவமலருக்கு ஒன்று வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் குசினி மேசையில் மறுநாளைய சத்திரசிகிச்சைக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தபோது, தம்பிமுத்து புதிய குப்பியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மருமகன், அங்கத்தயப் போத்தில்ல சிவப்பு நிறம். இது செம்மஞ்சள் மாதிரி இரிக்கி."

"கொம்பனி வேறை மாமா. மருந்து ஒண்டுதான்."

"அப்ப அளவு?"

"அதே அளவுதான். இருபத்துநாலு."

எழுதியதிலிருந்து அவன் தலை நிமிர்த்தவில்லை. தம்பிமுத்து இன்னொரு தரம் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலமும் பிரெஞ்சுமாகப் பொடி எழுத்தில் நிறைய எழுதியிருந்தது. படித்த மருமகன் வீட்டில் இருக்கும்போது அதையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிப்பது அவருக்கு அவசியமாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மழையும் பனியும் கலந்து பெய்தது. இரவிச்சந்திரன் ஐந்தரைக்கே புறப்பட்டுவிட்டான். கோட் வெர்த்து நிலையத்தில் மெத்ரோ சுரங்க ரயிலில் ஏறி, பச்சைப் பாதைக்கு மாறி, ஆறரைக்கு ஆய்வுகூடத்தில் நின்றான். மயக்குவது, வயிற்றைக் கீறுவது, மயிரிழை போன்ற நாளத்தைத் தேடிப் பிடிப்பது, செலுத்துவது, தைப்பது. ஓர் எலிக்கு ஒரு மணித்தியாலம். மத்தியானம் லூசி கொண்டுவந்த பாணில் பாதியை நின்றபடி சாப்பிட்டான். மாலை நாலு மணிக்கு எட்டாவது எலியின் நாளத்திலிருந்து ஊசியை எடுத்த நேரம் தொலைபேசி அடித்தது. லூசி எடுத்து அவன் காதில் பிடித்தாள்.

"இஞ்சருங்க, அம்மா ஒழும்புறா இல்ல," என்றாள் சிவமலர். வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றியிருக்கவில்லை. "கூப்பிட்டா முனகிறா. உடம்பெல்லாம் வேர்வை. குளிக்க வாத்த மாதிரி."

"சீனி இறங்கிப்போச்சு. வாயிலை தண்ணி ஊத்தாதையும், விக்கிப்போடும். தேன் இருக்கெல்லே? ஒரு பக்கமாப் படுக்க வைச்சிட்டு, விரலாலை கன்னத்துக்குள்ளை தடவும். அருளம்பலத்தாரைக் கூப்பிடும். நான் நேரை ஆஸ்பத்திரிக்கு வாறன்."

எலியைத் தைத்து முடிக்கும் வேலையை லூசியிடம் விட்டுவிட்டு ஓடினான்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தம்பிமுத்து செருப்புடன் நின்றார். மேலே மருமகனுடைய பழைய குளிரங்கி, கீழே சாறம், காலில் செருப்பு. பனியில் நனைந்து பாதம் வெளுத்திருந்தது. அருளம்பலம் தன்னுடைய காலுறைகளைக் கழற்றி அவருக்குப் போட்டுவிடக் குனிந்துகொண்டிருந்தார்.

"காலைக் குடுங்கோ ஓவசியர். விரல் உறைஞ்சு விழுந்தா இவன் எலியின்ரை காலைத்தான் வெட்டி ஒட்டுவான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அருளம்பலமும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"மத்தியானம் சாப்பிட்டவவோ மாமா?" என்று வந்து சேர்ந்த இரவிச்சந்திரன் கேட்டான்.

"திண்டவ. பாணும் பருப்பும். மறுகா ரெண்டு மணிபோல வேர்க்கிதெண்டு யன்னலத் துறந்தா. இந்தக் குளிருக்குள்ள! நான் பேசினன். சிரிக்கிறா. மறுகா..." தம்பிமுத்து நிறுத்தினார். "மறுகா உங்கடப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. இரவிச்சந்திரா, இரவிச்சந்திரா, சோறு தின்ன வா எண்டு. மருமகன்ட பேர! அப்பதான் எனக்கு விளங்கின, என்னமோ பெரிய பிழை நடந்திட்டெண்டு."

இரத்தத்தில் சீனி ஒன்று தசம் இரண்டாக இருந்தது. நாலுக்குக் குறையக் கூடாதது. குளுக்கோசை நாளத்தில் ஏற்றியதும் புஷ்பவதி கண் விழித்தார்; மருமகனைக் கண்டதும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் சீனி திரும்பவும் இறங்கியது. மீண்டும் ஏற்றினார்கள். மீண்டும் இறங்கியது.

இளம் வைத்தியர் ஒருத்தி, கலைந்த கூந்தலும் அயர்ந்த கண்ணுமாக, இரவிச்சந்திரனைத் தனியே அழைத்தாள். எத்தனை அலகு போடுகிறீர்கள் என்று கேட்டாள். இருபத்துநாலு, பதினொரு வருடமாக, என்றான். சாப்பிட்டாரா? சாப்பிட்டார். அவள் பேனாவால் கன்னத்தைத் தட்டினாள். இருபத்துநாலு அலகு இந்த வேலையைச் செய்யாது, என்றாள். சிறுநீரகம் பழுதாகியிருக்கவேண்டும். அது சரியாக இருந்தால், சதையியில் ஒரு கட்டி தன்பாட்டில் இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கலாம். சீனி நோயாளிக்கு அது மிக அபூர்வம்தான். நாளை பதினொரு மணிக்குப் படம் பிடித்துப் பார்ப்போம். படத்தில் தெரியாமல், சீனியும் இப்படியே இறங்கிக்கொண்டிருந்தால், சத்திரசிகிச்சைக்காரரிடம் காட்டவேண்டிவரும்.

சிறுதீவுகளே பெருகித் திரண்டு உண்டாகும் கட்டி அது. மூன்று வருடமாக எலியின் உடம்பில் எதை வாழவைக்கப் பாடுபட்டானோ அது மாமியின் உடம்பில் தானாக முளைத்திருக்கிறதோ? கண நேரம் அவனுக்குள் ஆர்வம்தான் எழுந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. ஆர்வம் முந்திப் பயம் பிந்தியதை எண்ணி அவன் பின்னாளிலும் வெட்கப்பட்டான்.

நடைபாதை வாங்கில் தம்பிமுத்து தன் வலது கையை முழங்காலில் மல்லாத்தி வைத்துக்கொண்டு இருந்தார்.

"என்னவாம்?"

"நாளைக்குப் படம் எடுத்துப் பாக்கப்போகினம்."

"படம் தேவல்ல மருமகன். என்ட கைதான். நடுங்கியிரிக்கும். கோட்டுக்கு மேல இழுபட்டிரிக்கும். எழுபது வயசாகப்போகுது, தெரியாமலே நடுங்கிற கை." கையை மூடினார். "இனி நான் தொடமாட்டன்."

"நீங்கள் சும்மா இருங்கோ மாமா. கை நடுங்கி இவ்வளவு பிழை வராது."

"அப்ப வேற என்னத்தால?"



மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டியிருந்தது. சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாள் இரத்தம் எடுக்காவிட்டால் எட்டு எலிகளும் வீண். வாலின் நுனியிலிருந்து ஒவ்வொரு துளி. லூசி வாசிக்க அவன் எழுதினான். ஆறு. ஏழு தசம் ஒன்று. ஐந்து தசம் எட்டு. முதல் நாள் இருபத்தைந்துக்கு மேலே நின்ற எலிகள். எட்டும் இறங்கியிருந்தன. லூசி அவனுடைய முதுகில் அடித்தாள். அவன் இலக்கங்களை எழுதி, திகதி போட்டு, குளிரங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

ஒன்பதரைக்கு வார்டுக்குப் போனபோது புஷ்பவதி தலையணையில் சாய்ந்து, மகள் ஊட்டிய பாண் துண்டைத் தின்றுகொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் மென்றது நின்றது. அவன் கட்டிலின் திரைக்கு வெளியே நின்றுகொண்டான். அங்கே கதிரையில் தம்பிமுத்து, மடியில் துவாய்ப் பொட்டலம் வைத்தபடி இருந்தார்.

"தாதிப்பிள்ள ஊசியக் காட்டச் சொல்லிக் கேட்டவவாம், மகள் சொன்னா. நீங்க முதல்ல பாருங்க. கண்ணாடி எங்கயும் வெடிச்சிரிக்கா எண்டு. என்ட கண்ணுக்குத் தெரியுதில்ல."

இரவிச்சந்திரன் துவாயை அவிழ்த்தான். மூடி வைத்த உருக்குப் பெட்டி. அதற்குள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் கண்ணாடி ஊசிக்குழல், பதினொரு வருடம் கொதித்துக் கொதித்து விளிம்பு மங்கியது. வெடிப்பு ஒன்றும் இல்லை. குழலின் பக்கத்தில் சிறிய கோடுகள், ஐந்தைந்துக்கு ஓர் இலக்கம். ஐந்து, பத்து, பதினைந்து. அவனுடைய கண் மேலே போனது. நாற்பதோடு கோடுகள் முடிந்திருந்தன.

அவன் ஆய்வுகூடத்தில் நாள்தோறும் எடுக்கும் குழல்களில் அதே நீளத்துக்கு நூறு கோடு இருக்கும்.

கணக்கு மிகவும் சிறியது. அங்கத்தைய மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு நாற்பது அலகு. அதற்கேற்ற நாற்பது கோட்டுக் குழல். இங்கத்தைய மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு நூறு அலகு. மருந்து புதிது, குழல் பழையது. தம்பிமுத்து சரியாக இருபத்துநாலாவது கோடு வரைக்கும் இழுத்திருக்கிறார். இருபத்துநாலுக்குப் பதிலாக அறுபது அலகு போயிருக்கிறது. இந்த நாட்டுக் கடைகளில் நாற்பது கோட்டுக் குழல் கிடையாதென்பதால் வைத்தியருக்கு அந்த நினைவே வரவில்லை. அந்த நினைவு வந்திருக்க வேண்டியவன் ஒருவன் இருந்தான். வீட்டில் ஊசி இருக்கிறது என்று கடையில் சொன்னவன் அவன்தான்.

சுவர் மணிக்கூட்டில் பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளலாம். போகும் வழியில் பிளாஸ்டிக் ஊசி ஒரு பெட்டி வாங்கி, இனி இதைப் பாவியுங்கள், இங்கே எல்லோரும் இதுதான் பாவிக்கிறார்கள் என்று சொல்லலாம். படத்தில் ஒன்றும் தெரியாது. நேற்றைய மருந்து தீர்ந்ததும் சீனி தானாக ஏறும். இரண்டு நாளில் வீட்டுக்கு விடுவார்கள். அருளம்பலத்துக்கு ஒரு கதையும் கிடைக்காது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது.

"வெடிப்பு இரிக்கா மருமகன்?" என்று தம்பிமுத்து கேட்டார். கேட்டபோது தன் வலது கையை மறு கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

"இல்லை மாமா. கொஞ்சம் பொறுங்கோ, வாறன்."

வைத்தியர் தாதிகளின் மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவன் பெட்டியைத் திறந்து அவளுக்கு முன்னால் வைத்து, நாற்பது என்ற இலக்கத்தைக் காட்டினான். புதிய குப்பியை வாங்கியது தான், அளவு மாறாதென்று சொன்னதும் தான் என்றான். அவள் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நூதனசாலைப் பொருள்போலத் திருப்பி, மெல்ல வைத்தாள்.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொன்னீர்கள்?"

"இன்சுலின் சுரக்கும் கலங்களை மாற்றி நடுவது."

அவள் சிரிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. நோயாளிக் குறிப்பேட்டை இழுத்து, பதினொரு மணிப் படத்தை வெட்டிவிட்டு, கீழே மூன்று வரி எழுதினாள். அவனுடைய பெயரையும் கேட்டு எழுதினாள்.

திரும்பி வந்து தம்பிமுத்துவுக்குப் பக்கத்தில் இருந்தான்.

"மாமா, உங்கடை மருந்து அங்கை நாற்பது வலு. இஞ்சை நூறு. குழல் மட்டும் அதே நாற்பது. நீங்கள் இழுத்தது சரியான கோட்டுக்குத்தான். ஆனா..."

"நில்லுங்க." தம்பிமுத்து கையை உயர்த்தினார். கண்ணை மூடினார். திறந்தார். "மதகு அதே அளவுக்குத்தான் துறந்திரிக்கி. குளத்து மட்டம் ரெண்டரை மடங்கு. அப்படித்தானே?"

"அப்படித்தான் மாமா."

"வயலெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிரிக்குமே!"

"ஓம்."

தம்பிமுத்து மிக மெதுவாக, கணக்கு ஒப்புவிப்பவர்போலச் சொன்னார்:

"நிறம் வேறயெண்டு நான் சொன்னனான்."

"சொன்னீங்கள்."

"கொம்பனி வேறயெண்டு நீங்க சொன்னயள்."

"ஓம் மாமா."

"அளவையும் கேட்டனான்."

"கேட்டனீங்கள். நான்தான் போத்திலைப் பாக்காமல் சொன்னனான். பிழை என்ரை."

"அப்ப என்ட கை நடுங்கல்ல."

"இல்லை. கோட்டிலை ஒரு பிசகும் இல்லை."

தம்பிமுத்து எழுந்தார். நடைபாதையின் முடிவு வரைக்கும் போய், யன்னலுக்கு வெளியே பனி தள்ளும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்று, திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ராவு முழுக்க என்ட கையப் பாத்துக்கிட்டு இருந்தன், தெரியுமா? லைட்டப் போட்டுட்டு. ஒரு கிளாசில தண்ணிய முட்ட ஊத்திப் பிடிச்சிப் பாத்தன், சிந்துதா எண்டு. பதினொரு வருசம் அவவ இந்தக் கையால... நீங்க எலிக்குப் போடக்குள்ள போத்திலப் பாக்காமலா போடுற?"

"இல்லை மாமா. ரெண்டு பேர் பாப்பம்."

"எலிக்கு ரெண்டு பேர்!"

அவ்வளவுதான் ஏச்சு. இரவிச்சந்திரன் இன்னும் வரும் என்று தலையைக் குனிந்தபடி இருந்தான். திரைக்குப் பின்னாலிருந்து புஷ்பவதியின் குரல் வந்தது, மகளுக்குச் சொல்வதாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி:

"கொப்பாக்கிட்டச் சொல்லு புள்ள, ஆஸ்பத்திரியில கத்த வேணாமெண்டு. எனக்குப் பசிக்கிது."

புதன்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். அருளம்பலம் தன் டொட்ஜில் கொண்டுவந்து இறக்கினார். இறங்கும்போது இரவிச்சந்திரனிடம், "எனக்கும் ஒருக்கா வகுப்பிலை தசமம் மாறிப்போனது. முப்பத்தைஞ்சு பெடியளும் பிழையா எழுதினவங்கள். ஒருத்தனும் சாகேல்லை எண்டது என்ரை கெட்டித்தனமில்லை," என்றார்.

அன்று மாலை அளந்தபோது எட்டு எலிகளில் ஒன்றின் சீனி திரும்பவும் பதினாறுக்கு ஏறியிருந்தது. வியாழக்கிழமை இன்னும் இரண்டு. மற்ற ஐந்தும் நின்றன. மூன்றாம் நாளில் இத்தனை எலிகள் நின்றது இதற்கு முன் இல்லை. இரவிச்சந்திரன் எழுதிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை மாமிக்கு ஊசி போட உள்ளூர்ச் சுகாதார நிலையத்துத் தாதி வந்தாள். வெள்ளிக்கிழமை அவள் வரமாட்டாள். காலை ஆறரைக்குச் சிவமலர் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். கொதிக்கும் சட்டி அடுப்பில் இல்லை. தம்பிமுத்து அறை வாசலில் நின்றார். கதவு விரியத் திறந்திருந்தது.

"மருமகன், இஞ்ச வாங்க."

மேசையில் குப்பியும், பிளாஸ்டிக் ஊசிகளும், கண்ணாடிக் குழல் இருந்த உருக்குப் பெட்டியும் இருந்தன. கட்டிலில் புஷ்பவதி சேலைக்கு மேலே மகளுடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தார். இடக்கையின் சட்டை தோள் வரைக்கும் சுருட்டப்பட்டிருந்தது. இரவிச்சந்திரன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நீங்கள் போடுங்கோ மாமா. நான் பக்கத்திலை நிண்டு அளவு சொல்லுறன்."

"இல்ல. அளவு நான் பாக்கிறன். இண்டைக்கு நீங்க போடுங்க." உருக்குப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினார். "இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. உங்கட எலிக்கூட்டுக்குப் பக்கத்தில, கண்ணில படுற இடமா வைங்க."

தம்பிமுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டி, குப்பியை யன்னல் பக்கம் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். "நூறு."

"ஊசியிலையும் நூறு," என்றான் அவன்.

"எத்தின இழுக்கிறயள்?"

"இருபத்துநாலு."

"காட்டுங்க." பார்த்தார். "சரி."

மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் ஊசி போட்டிருப்பான் என்று அவனுக்கே கணக்கில்லை. ஒன்றுகூட மனிதருக்குப் போட்டதில்லை. பதினொரு வருடத்துக் குத்துகளால் தடித்துப் புள்ளி புள்ளியாய் இருந்த மாமியின் மேற்கையைப் பஞ்சால் துடைத்தான். ஊசி முனை அவன் விரல்களுக்கிடையில் தெரியத் தெரிய நடுங்கியது. தம்பிமுத்து அந்த நடுக்கத்தைப் பார்த்தார்; பார்த்துவிட்டு வெப்பமானி இருந்த குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புஷ்பவதி சுவரிலிருந்து தலையைத் திருப்பினார். மருமகனின் முகத்தை நேரே பார்த்தார்.

"எலியெண்டு நினைச்சிக் குத்துங்க மகன்," என்றார். "நான் கடிக்கமாட்டன்."

குத்தினான். மெல்ல அழுத்தினான். எடுத்துப் பஞ்சை வைத்தான். அவர் பஞ்சைத் தானே பிடித்துக்கொண்டு, சட்டைக் கையை இறக்கினார்.

"நோகல்ல," என்றார். பிறகு, அதே குரலில், அதே பார்வையில்: "பாணுக்குள்ள மீன் வச்சிச் சுத்தியிரிக்கி. எடுத்துக்கிட்டுப் போங்க. அந்த ஃபிறிட்ஜில மேல் தட்டுல."